ஜோடியாக வந்தால் டிக்கெட் இலவசம்

ஆர்லாண்டோ, புளோரிடா
ஜனவரி 30, வியாழக்கிழமை

அன்புள்ள ஓபல் அக்காவுக்கு,

உன் தங்கை லொரீன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். "இருவரும்" என்று படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்காதே, சரியாகத்தான் படித்தாய். போனில் சொன்னால் உன் காதுக்குப் பாதிதான் எட்டும், மீதியை நீயே இட்டுக்கட்டி சர்ச்சில் சொல்லிவிடுவாய். அதனால்தான் மோட்டல்காரர்கள் சும்மா கொடுத்த தாளில் எழுதுகிறேன். நான் படித்த ஆறாம் வகுப்புக்கு இந்தக் கையெழுத்தே அதிகம். சந்தோஷத்தில் கை வேறு நிற்காமல் ஓடுகிறது.

முதலில் கோழிகள். அங்கே கென்டக்கியில் தண்ணீர்த் தொட்டி உறைந்திருக்கும், காலையில் வெந்நீர் ஊற்று. நான் இங்கே அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன். வயிற்றெரிச்சல் படாதே.

கிளம்பும்போது நீ என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "பதினாலு மாசமா மூஞ்சியப் பார்க்காதவளுக்கு அந்த ஆளோட ஒரே வண்டியில பதினாலு மணி நேரமா? டிக்கெட்டுக்காகவாடி?" என்றாய். டிக்கெட்டுக்காகத்தான் என்றேன். அப்போது அது உண்மைதான், அக்கா. போன வருஷம் இங்கே வந்துபோன பக்கத்து வீட்டுக் கிளெண்டா சொன்ன சிக்கனங்களை எல்லாம் வரிசையாகச் செய்தேன். பள்ளிக்கூடம் திறந்த பிறகு, கூட்டமில்லாத மாதத்தில் வா என்றாள், வந்தேன். பூங்காவை ஒட்டிய ஹோட்டல் வேண்டாம், அடுப்பு வைத்த மோட்டலாகப் பார் என்றாள், பார்த்தேன். ரொட்டியைக் கட்டிக்கொண்டு போ என்றாள், ஒரு பெட்டி நிறையக் கட்டினேன். கடைசியில் அவள் சொன்னதுதான் என்னை மாட்டிவிட்டது. "ஒரு காலையில தொண்ணூறு நிமிஷம் அவங்க பேச்சைக் கேட்டுட்டு உட்காரு. வேணாம்னு சொல்லு. தீம் பார்க் டிக்கெட் ரெண்டு சும்மா தருவாங்க. ஆனா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வரணும், லைசென்ஸ்ல ஒரே விலாசம் இருக்கணும்" என்றாள்.

புருஷனுக்கு நான் எங்கே போவேன்? என்னைக் கட்டிய டெல்பர்ட்தான் தன் அண்ணன் வெர்ஜிலின் முற்றத்தில், சக்கரம் வைத்த வண்டிவீட்டில் கிடந்தாரே. போன் செய்தேன். "டிக்கெட்டுக்கு ஒரு புருஷன் வேணும். வேற யாரும் கிடைக்கல" என்றேன்.  "எத்தனை நாளைக்கு?" என்றார். ஆறு நாள் என்றேன். "சரி, வண்டிக்கு ஆயில் மாத்திடறேன்" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் படகுக் கதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அதைச் சொல்லாமல் இந்தக் கடிதம் நகராது. ஒழுகுகிற கூரைக்கு என்று நான் சேர்த்து வைத்ததை எடுத்துக்கொண்டு தகரம் வாங்கப் போன மனுஷன், சாலையோரத்தில் ஒருத்தன் அழுதான் என்று அவனுடைய மீன்பிடிப் படகை வாங்கி இழுத்துக்கொண்டு வந்தார். ஏரி நாற்பது மைல் தள்ளி இருக்கிறது. வீட்டுக்குள்ளே மட்டும் தண்ணீருக்குக் குறைவில்லை, ஐந்து வாளி வைத்திருந்தேன். "அந்தப் படகுலயே போய்ப் படுங்க" என்றேன். போய்விட்டார். அதற்கு முன்னால் மூன்று தூசி உறிஞ்சும் எந்திரம், இருபத்து நாலு புத்தகம் உள்ள கலைக்களஞ்சியம், காது கேட்காத கோவேறு கழுதை. எவன் கேட்டாலும் வேண்டாம் என்ற சொல் அவர் வாயில் வராது. நான் ஒருத்தி கேட்டால் மட்டும் வரும்.

அதனால்தான் உனக்கு அப்படிப் பயம். எனக்கும்தான். விற்பதற்கென்றே பிறந்தவர்களின் நடுவில் இவரைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறேனே! இங்கே இவர் கையெழுத்துப் போட்டால் திரும்பி வந்ததும் வக்கீலிடம் போய்விடுவேன் என்று உன் சமையலறையில் உட்கார்ந்து சொன்னேன். வண்டியில் ஏறும்போது அதேதான் என் மனசில் இருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் வந்தார். வண்டியைக் கழுவியிருந்தார், முகச்சவரம் செய்திருந்தார். ரொட்டிப் பெட்டியை வேண்டுமென்றே இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். டென்னசி தாண்டும் வரை பேச்சில்லை. ஜார்ஜியாவில் வாய் திறந்தார், திறந்தால் விளம்பரப் பலகைகளை ஒன்று விடாமல் சத்தமாகப் படிக்கிறார். பீச் பழம் இரண்டு மைல், வேர்க்கடலை மூன்று மைல், ஏசு வருகிறார், முதலைக் காட்சி அடுத்த திருப்பம். "நிறுத்துங்களேன்" என்றேன். "நீ பேசு, நான் நிறுத்தறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்த இடத்துக்குப் போனோம். வருஷத்தில் ஒரே ஒரு வாரம் மட்டும் உனக்குச் சொந்தமாக இருக்கும் வீடு, அதைத்தான் விற்கிறார்கள். மீதி ஐம்பத்தொரு வாரம் வேறு யார் யாருக்கோ சொந்தம். கோழியை விற்று முட்டையை மட்டும் கொடுக்கிற வியாபாரம். வாசலில் யெசெனியா என்று ஒரு பெண், சின்னப் பல், சுறுசுறுப்பு. எங்கள் லைசென்ஸ்களை வாங்கிப் பார்த்தாள். "ஒரே விலாசம், நல்லது. சார் போன அக்டோபர்லதான் புதுப்பிச்சிருக்கீங்க" என்றாள்.

அக்கா, நான் அப்படியே நின்றுவிட்டேன். போன அக்டோபர். அவர் வீட்டை விட்டுப் போய் பதினோரு மாதம் ஆன பிறகு. அந்த அலுவலகத்தில் எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டிருப்பார்கள் அல்லவா? நம் வீட்டு விலாசத்தைத்தான் சொல்லியிருக்கிறார். அவரைப் பார்த்தேன். தொப்பிக்குள்ளே எதையோ தேடுவது மாதிரி குனிந்துகொண்டார்.

உள்ளே காலை உணவு. வறுத்த பன்றி இறைச்சி, முட்டை, மெத்தென்ற பிஸ்கட் ரொட்டி, அதன் மேல் ஊற்றக் குழம்பு. பிஸ்கட் நம் வீட்டு அளவுக்கு இல்லை, மாவைப் போட்டுப் பிசைந்து கொன்றிருந்தார்கள், ஆனாலும் சும்மா கிடைத்ததை விடலாமா? இரண்டு தட்டு சாப்பிட்டேன். டெல்பர்ட் ஒரு வாய் தொடவில்லை. தட்டைப் பார்த்ததும் பாய்கிற மனுஷன், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். யெசெனியா காபி ஊற்றினாள், கையால் கோப்பையை மூடிக்கொண்டார். வயிறு சரியில்லை போல என்று நினைத்தேன்.

பிறகு வீட்டைக் காட்டினாள். கட்டில், குளியல் தொட்டி, எல்லாவற்றையும் பார்த்துத் தாடையை இறுக்கிக்கொண்டேன், ஏமாறமாட்டேன் என்று. கடைசியில் பால்கனிக் கதவைத் திறந்தாள். ஏரி. இரண்டு நாற்காலி. சின்ன மேஜையில் இரண்டு காபிக் கோப்பை. "அம்மா, அடுத்த பத்து வருஷம் நீங்க ரெண்டு பேரும் எங்க உட்கார்ந்து காபி குடிக்கப் போறீங்க?" என்று கேட்டாள். அவள் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. நான் அந்த இரண்டு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை நீ யாரிடமும் சொல்லக்கூடாது. மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் பேனாவை எடுத்தது நான். அவர் இல்லை, நான். அந்தக் காகிதத்தில் கணவன் பெயர், மனைவி பெயர், ஒவ்வொரு வருஷமும் ஒரு வாரம், சாகும்வரை என்று இருந்தது. வருஷத்துக்கு ஒரு வாரமாவது இந்த ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும் என்று ஒரு கணக்கு ஓடியது. முன்பணத்துக்கு, பதினாலு மாதம் முட்டை விற்று மறுபடி சேர்த்தேனே, அந்தக் கூரைப் பணம். "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று என் வாய் கேட்கிறது, அது என் காதிலேயே விழுகிறது.

டெல்பர்ட் தன் உள்ளங்கையை அந்தக் காகிதத்தின் மேல் வைத்தார். தச்சு வேலை செய்த பெரிய கை, உனக்குத் தெரியும், காகிதமே மறைந்துவிட்டது.

"வேணாம்மா" என்றார். "உன் மேல தப்பில்ல, நீ நல்லாத்தான் பேசுற. எங்க வீட்டுக் கூரை ஒழுகுது. தகரம் வாங்கி வெச்சிருக்கேன். நான் ஏறிப் போட வேண்டியதுதான் பாக்கி."

தகரமா?  அதற்குள் மேலாளர் வந்தார், ஆறடி, சிவப்பு டை. விலையைக் குறைத்தார். வேணாம் என்றார் டெல்பர்ட். இன்னும் குறைத்தார். வேணாம். ஒரு தொலைக்காட்சிப் பெட்டி சேர்த்துத் தருகிறேன் என்றார். வேணாம். "சார், உங்க மனைவி சந்தோஷமா இருக்க வேணாமா?" என்று கேட்டார் மேலாளர். "வேணும். அதுக்குத்தான் வேணாங்கறேன்" என்றார் டெல்பர்ட். ஒரே காலையில் ஐந்து முறை, அக்கா! ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சத்தமாக. பக்கத்து மேஜையில் இருந்த ஒஹாயோ ஜோடி தைரியம் வந்து அவர்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

யெசெனியா கோபப்படவில்லை. டிக்கெட் இரண்டையும் கொடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் பிஸ்கட் கட்டி டெல்பர்ட் கையில் வைத்தாள். அவர் என்னைப் பார்த்து மெதுவாக, "டிக்கெட் கைக்கு வந்துருச்சுல்ல? இப்பத் தின்னலாமா?" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. வண்டியில் ஏறி நம் பெட்டியைத் திறந்து நாலு ஹாம் ரொட்டி தின்றார், அவித்த முட்டை மூன்று. "அவங்க சோத்தைத் தின்னுட்டு அவங்க மூஞ்சியப் பார்த்து வேணாம்னு சொல்ல என்னால ஆகாது, லொரீன். படகுக்காரனும் முதல்ல ஒரு டப்பா பீன்ஸ் கொடுத்தான்" என்றார். நம் பள்ளத்தாக்கில் யாருக்குத்தான் ஆகும்? இரண்டு தட்டு தின்ற எனக்கே ஆகவில்லையே.

"படகு என்ன ஆச்சு?" என்றேன்.

"வித்துட்டேன். வாங்கினதுல பாதிக்கு. மீதிக்கு வெர்ஜில் கொட்டகையில வேலை செஞ்சேன். இருபத்திரெண்டு தகரம். செப்டம்பர்ல இருந்து கிடக்கு."

"செப்டம்பர்லயா? ஏன் கொண்டு வரல?"

"நீ கூப்பிடல."

"நான் கூப்பிடணுமா?"

"டிக்கெட்டுக்குன்னு கூப்பிட்டே, வந்தேன்ல?" என்றார்.

ரொட்டிப் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டேன். காலியாகிவிட்டது, நடுவில் எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு?

நேற்று தீம் பார்க். ஐயோ அக்கா, எதைச் சொல்ல, எதை விட! டாலர் கடையில் வாங்கிய மழை அங்கியைப் போட்டுக்கொண்டு தண்ணீர்ச் சறுக்கில் போனோம், உள்ளே இருந்தவர்கள் அதையே எட்டு மடங்கு விலைக்கு வாங்கியிருந்தார்கள். குடிதண்ணீர் கேட்டால் சும்மா தருகிறார்கள், பன்னிரண்டு கோப்பை வாங்கினேன். ஒரு வெள்ளைக் கொக்கு என் கையிலிருந்த சோள ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தே போனது, பறக்கக்கூட இல்லை, அத்தனை திமிர்.

அப்புறம் அந்தப் பெரிய ரோலர் கோஸ்டர். அதற்கு இரண்டு வரிசை. சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் ஐம்பது நிமிஷம் நிற்க வேண்டும். தனி ஆளாக வந்தால் பத்து நிமிஷம்தான், எந்த இருக்கை காலியோ அதில் யார் பக்கத்திலாவது திணித்துவிடுவார்கள். கிளெண்டா சொன்ன சிக்கனத்தில் இதுவும் ஒன்று. நான் தனி ஆள் வரிசைப் பக்கம் திரும்பினேன். டெல்பர்ட் என் மழை அங்கியைப் பிடித்து இழுத்தார். "பதினாலு மாசம் அந்த வரிசையிலதான் நின்னேன், புள்ள. போதும்" என்றார்.

ஐம்பது நிமிஷம் நின்றோம். ஐந்து நிமிஷம் மாதிரி இருந்தது. ஏறும் முன் மேல்பல் செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேலே போனதும் கீழே பார்த்தேன், சர்ச் கோபுரம் இரண்டை அடுக்கினால் வரும் உயரம். இறங்கியபோது நான் கத்தியது உனக்கே கேட்டிருக்கும். நம் ஓடையில் போன வருஷம் வெள்ளம் வந்தபோதுகூட நான் அப்படிக் கத்தவில்லை. முடிந்ததும் இன்னொரு தடவை என்றேன், மறுபடி ஐம்பது நிமிஷம் நின்றோம்.

வெளியே வரும் இடத்தில், கத்தும்போது நம்மையே படம் எடுத்து விற்கிறார்கள். வாங்கலாம் என்றேன். வேணாம் என்றார். முந்தின நாள்தான் அந்தச் சொல்லைக் கற்றார், நிறுத்தத் தெரியவில்லை. அவரைத் தள்ளிவிட்டு வாங்கினேன். இந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே ஊதாரித்தனம், இத்துடன் வைத்திருக்கிறேன். பல்லில்லாத வாயைப் பார்த்துச் சிரித்து முடித்த பிறகு, கம்பியின் மேல் யார் கை யார் கையைப் பிடித்திருக்கிறது என்று பார்.

இரண்டு கட்டில் அறையை முன்பதிவு செய்திருந்தேன் அல்லவா? ஒரு கட்டில் அறை ஒன்பது டாலர் குறைவாம். இன்று காலை மாற்றிக்கொண்டோம். சிக்கனம்தான் அக்கா, வேறொன்றுமில்லை.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்துவிடுவோம். எனக்காக ஒன்று செய். அறையில் அவர் படுக்கும் ஜன்னல் பக்கம், நான் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் சட்டத்தைக் கட்டிலோடு சேர்த்துப் போட்டிருக்கிறேன். அதை எடுத்துக் கூடத்தில் வைத்துவிடு. அலமாரி மேல் தட்டில் ஒரு தலையணை இருக்கும், வெயில் வந்தால் காயப்போடு. வாளிகளை மட்டும் எடுக்காதே, இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அவர் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெர்ஜில் தகரத்தோடு வருவார். அவர் ஏணியில் ஏறி இறங்கும் வரை ஒரு சொட்டு மழையும் பனியும் விழக்கூடாது என்று வேண்டிக்கொள், அக்கா. நான் கேட்டால் சாமி சிரிக்கும். நீ கேள்.

உன் பிரியமுள்ள தங்கை,
லொரீன்

(டெல்பர்ட்டும் பக்கத்தில்தான் இருக்கிறார். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.)