சாரதாதேவி நீட்டிய விரல்

கல்முனை,
வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி ஸாஜித்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் பிள்ளைகளும் நல்ல சுகம். மாவடிப்பள்ளி வயலில் நெல் வெட்டு முடிந்துவிட்டது. நாலு தரம் எடுத்தேன், நீ போன் தூக்கவில்லை. அதுதான் கடிதம்.

உன் கட்டுரையை மகள் றஸ்னா காட்டினாள். அதனால் நீ இருக்கும் ஊரில் உனக்கு நல்ல வேலை கிடைத்ததாகவும் சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆராய்ச்சிக்கென்று இங்கே வந்தபோது, எந்த ஊரில் எந்த இரத்த வகை எவ்வளவு என்று பார்த்தால், மனிதர் எங்கெங்கே கலந்து வாழ்ந்தார்கள் என்பது தெரியும் என்றாய். இரத்த வங்கியில் வேலை செய்யும் ராத்தா கூட வந்தால் ஆட்கள் நம்புவார்கள் என்றாய். லீவு போட்டுவிட்டு, விரலில் குத்தி இரத்தம் பார்க்க உன்னோடு வீடு வீடாக அலைந்தேன். நம் முஸ்லிம் ஆட்கள் நூறு வீடு, கடற்கரையில் தமிழ் ஆட்கள் நூறு வீடு. குசினி மேசையில் இருவரும் கூட்டிப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஓ வகைதான் கூடுதல், அடுத்தது பி. "பிரிச்சுப் பார்க்க ஒண்டுமில்ல ராத்தா" என்று நீதானே சிரித்தாய்?

கட்டுரையில் அந்த இருநூறு வீடுகளைக் காணவில்லை. கடற்கரையில் ஒரே குடும்பத்தில் ஏ வகை இரத்தமுள்ள பன்னிரண்டு பேரை மட்டும் எடுத்து, இரு சமூகத்துக்கும் வேர் வேறு என்று எழுதியிருக்கிறாய். பெயர்கூடப் போடமாட்டேன் என்றவன், அந்தக் குடும்பத்தில் மீன் விற்கும் சாரதாதேவியின் படத்தையே போட்டிருக்கிறாய்.

அதை யாரோ நோட்டீஸ் அடித்துச் சந்தையில் கொடுத்தார்கள். சாரதாதேவி என் வாசலில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. "புள்ள, நீ கேட்டாய் எண்டுதானே விரல நீட்டினன்? இப்ப என்ட ரத்தத்தக் காட்டி உங்களுக்கும் எங்களுக்கும் ஒட்டில்ல எண்டு கதைக்கிறாங்க" என்றாள். எனக்கு எதுவும் தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரத்ததான முகாம். வழமையாக அறுபது எழுபது பேர் வருவார்கள். பதினாலு பேர்தான் வந்தார்கள். கடற்கரையிலிருந்து ஒருவரும் இல்லை. பின்னேரம் வரை கட்டில்களை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

தெரியாமல் பிழை விட்டாய் என்று நினைக்கத்தான் பார்க்கிறேன். ஆனால் கணக்குத் தாள் என்னிடம் இருக்கிறது. அதில் இருப்பது உன் கையெழுத்து.

முழுக் கணக்கையும் வெளியிடு. பெருநாளைக்கு வரும்போது சாரதாதேவி வீட்டுக்கு நாம் போக வேண்டும். நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன். உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அந்த ஊரில் உனக்கு எப்போதாவது இரத்தம் தேவைப்பட்டால், நீ யார், எந்த ஆள் என்று கேட்காமல் ஒருவர் கை நீட்டட்டும்.

உன் ராத்தா,
ஹப்ஸா