மோப்ப நாய்க்கு அரைப் பக்கம்

கொட்டாஞ்சேனை
12.03.2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? நேரில் வந்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் அச்சுப் புரூப்போடு இதை வைக்கிறேன்.

நீங்கள் தமிழாக்கும், இராணுவத்தின் கழுகுப் படையணி வரலாற்றில் பாதிக்கு மேல் தட்டச்சுச் செய்துவிட்டேன். காட்டுப் பயிற்சி, கிழக்கில் பிடித்த முகாம்கள், பதக்கங்கள் எல்லாம் சரி. ஐந்தாம் அத்தியாயத்தில், “கொட்டாஞ்சேனைச் சுற்றிவளைப்பில் விசாரிக்கப்பட்ட அனைவரும் அன்று மாலையே வீடு திரும்பினர்” என்று இருக்கிறது. அப்பா திரும்பவில்லையே. நீங்களும் அதே வரிசையில் நின்றீர்கள். திருத்தித் தாருங்கள்.

அன்பு மகள்,
அருந்ததி

வெள்ளவத்தை
15.03.2025

அருந்ததிக்கு,

புரூப் எழுத்துப்பிழை பார்க்கத்தான். அவர்கள் சிங்களத்தில் எழுதியதை நான் தமிழில் தருகிறேன், அவ்வளவுதான். ஓ.எல். பரீட்சை கூட எடுக்காத உனக்கு றமேஷின் அச்சகத்தில் இடம் பிடித்துத் தந்தவன் நான். அவனிடம் ஒரு சொல் சொன்னால் போதும், அந்த இடம் போய்விடும்.

முதற்பக்கத்தில் “தமிழில்: சி. பொன்னம்பலம்” என்று போட்டிருக்கிறாய். எடுத்துவிடு. நான் வெள்ளவத்தையில் நம்முடைய ஆட்களின் முகத்தில் முழிக்க வேண்டும்.

சித்தப்பா

கொட்டாஞ்சேனை
17.03.2025

சித்தப்பாவுக்கு,

றமேஷ் அண்ணையிடம் சொல்லுங்கள்.

ஏழாம் அத்தியாயத்தில் சீசர் என்ற மோப்ப நாய் வருகிறது. எந்தக் கண்ணிவெடியில் செத்தது, எந்த மரத்தடியில் புதைத்தார்கள் என்று அரைப் பக்கம். “உயிர்நீத்தது” என்று மரியாதையாக எழுதியிருக்கிறீர்கள்.

சுற்றிவளைப்பு அன்றைக்கு அப்பாவைக் காட்டி, “மே கவுத?”, இது யார் என்று ஆமிக்காரன் உங்களிடம் கேட்டானாம். “தெரியாது, ஆரோ லொட்ஜிலை இருக்கிற ஆள்” என்றீர்களாம். கைக்குழந்தையான என்னோடு வாசலில் நின்ற அம்மாவுக்கு அது கேட்டது.

“சின்னத்தம்பி குணநாயகம் தவிர அனைவரும்” என்று அப்பாவின் பெயரைச் சேர்த்துத் திருத்தியிருக்கிறேன். கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

அருந்ததி

வெள்ளவத்தை
20.03.2025

அருந்ததி,

அந்தப் பெயரை வெட்டிவிட்டேன். இதை அச்சிட்டால் என் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள்.

ஓம், அப்படித்தான் சொன்னேன். அண்ணன் என்று சொல்லியிருந்தால் என்னையும் லொறியில் ஏற்றியிருப்பான்கள். பிறகு உங்கள் இரண்டு பேருக்கும் அரிசி வாங்கித் தந்தது யார்? கொம்மாவிடம் கேள்.

வெள்ளிக்கிழமைக்குள் கடைசிப் புரூப் வரவேண்டும்.

பொன்னம்பலம்

கொட்டாஞ்சேனை
21.03.2025

மொழிபெயர்ப்பாளர் அவர்களுக்கு,

கேட்டபடி உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். நீங்கள் வெட்டிய அப்பாவின் பெயரை என் கையால் எடுக்க மாட்டேன். றமேஷ் அண்ணையிடம் சொல்லி வேலையை விட்டுவிட்டேன். எனக்குப் பிறகு வருபவர் அதை எடுப்பார். புத்தகத்தில் அண்ணனும் இருக்க மாட்டார், தம்பியும் இருக்க மாட்டார். நாய் இருக்கும்.

அரிசி அனுப்ப வேண்டாம். அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். வீட்டுக்கும் வர வேண்டாம். வந்து நின்றால், யார் என்று அயலவர்கள் என்னிடம் கேட்பார்கள். தெரியாது என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
குணநாயகம் அருந்ததி