குளிர் வருகிறதா

ஓமந்தை
19.01.2025

அன்புத் தங்கச்சி சுமித்திராவுக்கு,

வற்றாப்பளை அம்மன் உன்னையும் உன் மகளையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் இவர் எந்நேரமும் பக்கத்திலேயே இருக்கிறார். நான் யாரோடு கதைத்தாலும் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். இது அவர் கேட்கக் கூடாத விஷயம். அதனால்தான் கொப்பித் தாளைக் கிழித்து எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் போடு.

உன் மனிசன் விஜிதரன் தம்பியின் ஆண்டுத் திவசத்துக்கு வரவில்லை என்று கோபமோ? அன்றைக்கு இவருக்கு இரத்தம் சுத்தம் செய்கிற முறை. ஒரு முறையைத் தவற விட்டால் அடுத்த நாளே மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். அது உனக்குத் தெரியாததா? வவுனியா நிலையத்து நீள வாங்கில் நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, உள்ளே நம் இரண்டு பேருடைய ஆம்பிளைகளும் மெஷினில் கிடக்க, எத்தனை சோற்றுப் பொதியைப் பங்கு போட்டிருக்கிறோம். இப்போது உன் இடத்தில் பரந்தன் பிரேமிளா இருக்கிறாள். தகப்பன் ஐயாத்துரையரைக் கூட்டிக்கொண்டு வருவாள். நல்ல பிள்ளை. ஆனால் உன்னைப் போல வாய் திறந்து கதைக்க மாட்டாள்.

விஷயம் இதுதான். போன கிழமை நிலையத்துக் கதவில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். கொழும்பில் புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். சிறுநீரக நோயாளருக்கு மெஷின் போடுகிற இடமெல்லாம் இனிப் பதிய வேண்டும். விசேட டொக்டர் ஒருவர் இருக்க வேண்டும், தண்ணீரைச் சோதித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பூட்டிவிடுவார்களாம். நம்முடையது நாலு மெஷின் உள்ள தர்ம நிலையம். விசேட டொக்டருக்கு எங்கே போவது? தாதி ஞானேஸ்வரி மிஸ்ஸியைக் கேட்டேன். "எங்கட கையில ஒண்டும் இல்லை அக்கா, மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறம்" என்றா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் இடம் கேட்டு எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். ஒருவர் போய்ச் சேர்ந்தால்தான் மற்றவருக்குக் கட்டில். பூட்டிவிட்டால் இவரை எங்கே கொண்டு போவேன்?

நோயாளிகளின் வீட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறோம். எங்களில் யாருக்கும் அதிகாரிகளுக்கு முன்னால் நின்று கதைத்துப் பழக்கமில்லை. நீ வா தங்கச்சி. உன் மனிசனுக்கும் அந்த நிலையம்தானே அவ்வளவு காலம் உயிர் கொடுத்தது. நீ சொன்னால் கேட்பார்கள்.

எதிர்பார்த்திருக்கும்,
உன் மீனம்மா அக்கா

தண்ணீரூற்று
27.01.2025

அன்புள்ள மீனம்மா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் சுகமாக இருக்கிறாள். நான் இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என்னால் அந்த மனுவில் கையெழுத்து வைக்க முடியாது. அந்தச் சட்டம் வேண்டும் என்று கொழும்பில் போய்ச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

விஜியின் கடைசி நாட்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மெஷினில் போட்டுக் கொஞ்ச நேரத்தில் உடம்பு தூக்கிப் போடும். பல்லுக் கிட்டும். போர்வைக்கு மேல் போர்வை போட்டு, பனடோல் கொடுத்து, "பலவீனத்தில வாற நடுக்கம்" என்று சொன்னார்கள். நானும் நம்பினேன். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போன அன்றுதான் இரத்தம் முழுக்கக் கிருமி என்றார்கள். அந்த டொக்டர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அங்க தண்ணியைக் கடைசியா எப்ப சோதிச்சவை?" எனக்குப் பதில் தெரியவில்லை. நிலையத்தில் கேட்டேன். அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு சட்டத்தரணி அம்மா என்னைத் தேடி வந்தா. வேறு ஊர்களிலும் இப்படிச் செத்திருக்கிறார்கள், பாராளுமன்றக் குழுவுக்கு முன்னால் சொல்ல வருவீர்களா என்று கேட்டா. போனேன். நடந்ததைச் சொன்னேன். உங்களுக்குச் சொல்லாமல் போனேன், அதுதான் உண்மை. சொல்லியிருந்தால் நீங்கள் பழனியாண்டி அண்ணனை நினைத்துத் தடுத்திருப்பீர்கள். நானும் போகாமல் நின்றிருப்பேன்.

நிலையத்தைப் பூட்டச் சொல்லி நான் கேட்கவில்லை அக்கா. தண்ணீரைச் சோதிக்கச் சொல்லித்தான் கேட்டேன். பூட்ட நேர்ந்தால் ஒவ்வொரு நோயாளிக்கும் வேறு இடம் தேடிக் கொடுக்கிற பொறுப்பு சுகாதாரத் திணைக்களத்துக்கு இருக்க வேண்டும் என்றும் கேட்டேன். அதுவும் சட்டத்தில் இருக்கிறது. மனுவில் அந்த இடத்தைக் கேளுங்கள். அதற்கு நான் எங்கேயும் வருவேன்.

கோபிக்காமல் பதில் எழுதுங்கள்.

என்றும் உங்கள்,
சுமித்திரா

ஓமந்தை
05.02.2025

திருமதி சுமித்திரா விஜிதரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பார்த்தேன்.

நீங்கள் கொழும்புக்குப் போகும்போது எங்களையெல்லாம் ஒரு தரம் நினைத்தீர்களா? உங்கள் வீட்டில் நடந்து முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆள் உயிரோடு கதிரையில் இருக்கிறார். காலையில் எழும்பி, "புள்ள, இன்னைக்குக் கொஞ்சம் கூடத் தண்ணி குடுப்பியா" என்று என்னிடம் கேட்கிறார். அவருக்கு அந்த நாலு மெஷினை விட்டால் வேறு ஒன்றும் இல்லை.

இடம் தேடிக் கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் மலையிலிருந்து கலவரத்தில் அடிபட்டு இங்கே வந்த ஆட்கள். இடம் தருகிறோம் என்று எத்தனை பேர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

வாங்கில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்ததை நினைத்தால் கவலையாக இருக்கிறது. இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
மீனம்மா பழனியாண்டி

தண்ணீரூற்று
10.02.2025

அன்புள்ள அக்கா,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். இந்த ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஏசியதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. என் வீட்டில் ஆள் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். போய்ச் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்கவும் என்னால் முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அண்ணனுக்கு மெஷினில் குளிர் வருகிறதா? முதல் கடிதத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. அவர் கேட்கக் கூடாத விஷயம் என்று மட்டும் எழுதினீர்கள். வழக்கமாக அவர் என்ன சாப்பிட்டார், என்ன பகிடி விட்டார் என்று பக்கம் பக்கமாகச் சொல்லுகிற ஆள் நீங்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அவருடைய கழுத்துக் குழாயைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டால் நோகிறதா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் காய்ந்தால் அடுத்த முறை வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன் அக்கா.

என்னோடு கதைக்க வேண்டாம். பதிலும் போட வேண்டாம். அவரைப் பாருங்கள்.

சுமித்திரா

தண்ணீரூற்று
02.03.2025

அன்புள்ள அக்கா,

நேற்றும் முந்தாநாளும் போன் எடுத்தேன். அடித்து ஓய்ந்துவிட்டது. நிலையத்துக்கு எடுத்தால் அங்கேயும் ஒருவரும் தூக்கவில்லை. நிலையத்தைப் பூட்டிவிட்டதாக இங்கே ஒருவர் சொல்கிறார். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சமைக்கவும் மனம் வரவில்லை. அண்ணன் எப்படி என்று ஒரு வரி யாரைக் கொண்டாவது எழுதுவியுங்கள். நல்லதோ கெட்டதோ, நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுமித்திரா

ஓமந்தை
20.03.2025

அன்புத் தங்கச்சி சுமித்திராவுக்கு,

அவர் இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

குளிர் வருகிறதா என்று கேட்ட உன் கடிதம் வந்தபோது அவருக்கு நடுக்கம் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும். முதல் கடிதம் எழுதும்போதும் தெரியும். நடுக்கம் என்று வாய் திறந்தால் நிலையத்தைப் பூட்ட அதையே சாட்டாகப் பிடிப்பார்கள் என்று பயந்தேன். அவரிடமும், "மிஸ்ஸியிட்டச் சொல்லாதீங்க" என்று கெஞ்சினேன். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நீ கேட்டதும் கோபம்தான் வந்தது. கடிதத்தை அலுமாரிக்குள் எறிந்துவிட்டேன். பிறகு ஒரு நாள் கறி தாளித்துக்கொண்டிருந்தபோது குசினிக்குள் வந்தார். "புள்ள, கழுத்து நோவுது" என்றார். பார்த்தேன். குழாயைச் சுற்றி நெருப்புப் பட்டது போல இருந்தது. அடுப்பை நூர்த்துவிட்டு, உடுத்த சேலையோடு ஓட்டோ பிடித்தேன்.

இரத்தத்தில் கிருமி என்றார்கள். உனக்குச் சொன்ன அதே கதை. ஆனால் மருந்து ஏற்ற நேரம் இருந்தது. மூன்று நாள் ஆளை அடையாளம் தெரியாமல் கிடந்தார். நாலாம் நாள் என்னைப் பார்த்து, "வீட்டுல கோழிக்குத் தீனி போட்டியா" என்று கேட்டார். நான் விறாந்தைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. டொக்டர் என்னைக் கூப்பிட்டு, "அங்க வேற ஆருக்கும் இப்பிடி நடுக்கம் வந்ததோ அம்மா" என்று கேட்டார். ஓம் என்றால் நிலையம் முடிந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு எழும்பி வந்திருக்கலாம். ஆனால் வாங்கில் எனக்குப் பக்கத்தில் பிரேமிளா தகப்பனின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தது கண்ணுக்குள் வந்தது. "ஐயாத்துரையருக்கும் வாறது" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த நாளே அதிகாரிகள் போய்த் தண்ணீர் எடுத்தார்கள். தண்ணீர்த் தாங்கியில் கிருமி இருந்ததாம். புதுச் சட்டப்படி, முடிவு வந்த அன்றைக்கே பூட்டினார்கள். ஞானேஸ்வரி மிஸ்ஸி வாசலில் நின்று அழுதாவாம். தண்ணீர் வடிகட்டியை மாற்றச் சொல்லி நிருவாகத்திடம் எத்தனை தரம் கேட்டாவோ, பாவம்.

நீ சொன்னபடியே எல்லாருக்கும் இடம் கொடுத்தார்கள். இவர் ஆஸ்பத்திரியில் இருந்தபடியால் அங்கேயே ஒரு கட்டில் கிடைத்தது. மற்றவர்களை அங்கும் இங்குமாகப் பிரித்துவிட்டார்கள். ஐயாத்துரையருக்கு அநுராதபுரம், அங்கே எல்லாம் சிங்களம். இடம் கொடுக்க வேண்டும் என்றுதான் சட்டத்தில் இருக்கிறது தங்கச்சி, கிட்டத்தில் கொடுக்க வேண்டும் என்று இல்லை. அவருக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. போய்ச் சேர்ந்த முதல் நாளே யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல், முறை தவறித் திரும்பி வந்துவிட்டார்களாம். அன்றிரவே மூச்சு இழுத்து, பெரியாஸ்பத்திரியில் அவசரத்துக்கு ஒரு தரம் மெஷினில் போட்டிருக்கிறார்கள்.

பிரேமிளா என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. "உங்கட மனுசனுக்கு இஞ்சயே இடம் கிடைச்சிட்டுது. என்ர அப்பாவுக்கு?" என்று மட்டும் கேட்டாள். நான்தான் காட்டிக் கொடுத்தவள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதானே. ஐயாத்துரையருக்கும் கிருமி இருந்து, நேரத்தோடு பிடித்து மருந்து கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லி அவள் வாயை அடைக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. நான் உனக்கு எழுதிய அந்தக் கடிதத்தை நீ எப்படி வாசித்திருப்பாய் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

மாத்தளைப் பக்கம் சிறுபிள்ளையாக இருந்தபோது படித்த சிங்களம் எனக்கு இன்னும் இருக்கிறது. சந்தையில் சிங்கள வியாபாரிகளோடு கதைத்துக் கதைத்து மறக்கவில்லை. இவரைப் பார்த்துக்கொள்ள என் கூடப்பிறந்த தங்கை வந்திருக்கிறாள். திங்கட்கிழமை பிரேமிளாவும் தகப்பனும் பரந்தனில் காலை பஸ் ஏறுகிறார்கள். நான் ஓமந்தையில் ஏறி, அவர்களோடு அநுராதபுரம் போய், அங்கே உள்ளவர்களோடு கதைத்து, அவரைக் கட்டிலில் விட்டுவிட்டு வரப் போகிறேன். வரச் சொல்லி அவள் என்னைக் கேட்கவில்லை. நான் வருகிறேன் என்றதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை.

நீ வவுனியாவில் வந்து ஏறு தங்கச்சி. போக வர ஒரு நாள் முழுக்க. ஐயாத்துரையர் ஜன்னல் பக்கம் சாய்ந்து கண்ணை மூடிவிடுவார். அந்தப் பிள்ளை தனியாக யோசித்துக்கொண்டு வரக் கூடாது. பக்கத்து சீட்டில் ஒரு ஆள் வேண்டும். என்னை அவள் இருக்க விடமாட்டாள். நீ இரு.

உன்,
மீனம்மா அக்கா