நாற்காலி நகரவில்லை

நெய்வேலி,
14.9.2014

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜூன் மாதம் அம்மா கீழே விழுந்தபோது, நாற்காலி நகர்ந்துவிட்டது என்று போனில் சொன்னேன். நாற்காலி நகரவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கும்போது என் பிடிதான் நழுவியது. அம்மாவும் அதை உங்களிடம் சொல்லவில்லை. நெற்றிக் காயம் ஆறிவிட்டது.

"ஒரு ஆளப் போட்டுக்கடா" என்றீர்கள். வேறு யார் கை பட்டாலும் அம்மா அழுகிறாள். ஒருமுறை வந்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அம்மா விழுந்த மறுநாளிலிருந்து, பிடி வலுக்க வேண்டுமென்று நம் பிளாக் மைதானத்துக் கம்பியில் தொங்குகிறேன். சின்ன வயதில் நான் பிடி விட்டு விழ, நீங்கள் தொங்கியபடியே சிரித்தீர்களே, அதே கம்பிதான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. முதல் நாள் எட்டு நொடிதான் தாங்கினேன். வீட்டுக்கு வந்து ஈரத் துண்டை முறுக்கிப் பிழிவேன். விரல்நுனிகளைச் சுவரில் ஊன்றித் தண்டால் எடுப்பேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் சுல்தான் ஷிப்ட் முடிந்து வரும்போது நான் கம்பியில் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், உங்களயே காயப்போட்டுகினு இருக்கீங்க?" என்றார். ஐம்பத்தொரு வயதில் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது ஒரு நிமிடம் தொங்குகிறேன்.

மூன்று மாதமாக, நான் தூக்கும்போதெல்லாம் அம்மா பயத்தில் என் சட்டையை இறுகப் பற்றிக்கொள்வாள். இன்று காலை பற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் என் முன்கையைத் தடவிப் பார்த்து, "பெரியவன் கை மாதிரி ஆயிடுச்சுடா" என்றாள்.

அம்மாவைத் தூக்குவதற்கு இனி நீங்கள் வரவேண்டியதில்லை. பார்ப்பதற்கு வரலாம்.

உங்கள் தம்பி