அப்பாவின் பக்கத்திலிருந்து நாலு வரி

செவ்வாய், இரவு 11.20

அன்புள்ள ஸ்பேனர் சித்தப்பாவுக்கு,

இதைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். படித்ததும் அழித்துவிடுங்கள். மேலே அப்பாவின் படமும் பெயரும்தான் இருக்கும். எழுதுவது அப்பா இல்லை. நான், டார்ச். அப்பா எதையாவது பழுதுபார்க்கும்போது வெளிச்சம் பிடித்துக்கொண்டு நிற்பேனே, அப்பாவோடு வேலை பார்த்த காலத்தில் நீங்கள்தான் அந்தப் பெயரை வைத்தீர்கள்.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அப்பா இறந்து பதினொரு மாதம் ஆகிறது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் விபத்து ஒன்றும் ஆகவில்லை. காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். உங்கள் நம்பர் மாறிவிட்டதால் அம்மாவால் சொல்ல முடியவில்லை.

தொழில் செய்பவர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் பிடிக்கும் இந்தத் தளத்தில் அப்பாவின் பக்கம் அப்படியே இருந்தது. பழைய டேப்லெட்டில் திறந்தே கிடந்தது. போன மாதம் அந்தத் தளம் தானாகவே எல்லாருக்கும், 'இவர் பணியில் இருபத்திரண்டு ஆண்டு முடித்தார், வாழ்த்துங்கள்' என்று அனுப்பிவிட்டது. முப்பத்தோரு பேர் வாழ்த்தினார்கள். அவர்களுக்கெல்லாம் அப்பா உயிரோடு இருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. எல்லாருக்கும் 'நன்றி' என்று போட்டேன்.

அப்புறம் உங்கள் செய்தி வந்தது. "அண்ணே, நம்பர் தொலைஞ்சு இங்கதான் உங்களைப் பிடிச்சேன். வேலை போய் நாலு மாசம் ஆச்சு. ஒரு கம்பெனியில கேட்டிருக்கேன். என்னைப் பத்தி நாலு வரி எழுதுங்க." அப்பாவின் பக்கத்திலேயே எழுதிவிட்டேன், அப்பா மாதிரியே.

இன்று அந்தக் கம்பெனி மேனேஜர் அப்பாவின் நம்பரைக் கேட்கிறார். வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிட்டு உங்களைப் பற்றி விசாரிப்பாராம். அந்த நேரம் எனக்குக் கணக்குப் பரீட்சை. அது இல்லாவிட்டாலும் என் குரலில் என்ன பேசுவேன்? என்னால் உங்களுக்குக் கிடைக்க இருந்த வேலை போய்விடும். அம்மாவிடமும் சொல்ல முடியாது. பல் மருத்துவமனை வரவேற்பில் நாள் முழுக்கச் சிரித்துவிட்டு வருகிறாள். வீட்டில் அப்பா பேச்சையே எடுப்பதில்லை.

மன்னித்துவிடுங்கள்.

டார்ச்


புதன், காலை 6.05

டார்ச் கண்ணு,

ராத்திரியே படித்துவிட்டேன். பதில் எழுத இவ்வளவு நேரம் ஆயிற்று. மூன்று வருஷம் அண்ணனைத் தேடாமல் இருந்துவிட்டு, வேலை போனதும்தான் வந்தேன். அந்த வெட்கம் என்னோடு இருக்கட்டும். நீ அழாதே.

நீ எழுதினதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'லிஃப்ட் கயிற்றில் எந்த இழை போகப்போகிறது என்று விரலாலேயே சொல்லிவிடுவான். மேல்மாடியில் டீ என்று கூப்பிட்டால் மட்டும் படி ஏறமாட்டான், நாம் பிரித்துப்போட்ட லிஃப்டுக்கே காத்திருப்பான்.' இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? சிரித்துவிட்டேன்.

மேனேஜரிடம் நானே பேசுகிறேன். அண்ணன் இல்லை, எழுதியது அவர் மகள் என்று உள்ளதைச் சொல்வேன். கொடுத்தால் கொடுக்கட்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கிறேன். நீ பரீட்சையைக் கவனி.

ஒன்று மட்டும். அண்ணியிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கோள் மூட்டின மாதிரி ஆகிவிடும்.

உன் சித்தப்பா,
ஸ்பேனர்


வெள்ளி, இரவு 10.50

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மேனேஜர் இன்று அப்பாவின் பக்கத்துக்கே எழுதியிருந்தார். எனக்குத்தான். 'இனி இப்படிச் செய்யாதே. திங்கட்கிழமை அவரை எங்கள் லிஃப்டைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். விரல் என்ன சொல்கிறதென்று பார்ப்போம்' என்று. திங்கட்கிழமை கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு போங்கள்.

அந்த வரிகள் என்னுடையவை இல்லை. அப்பா சாப்பிடும்போது சொல்வார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொல்ல இரண்டு தடவை போனேன். ஒரு தடவை தண்ணீர் கேட்டேன், ஒரு தடவை ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன். பக்கத்தையே மூடிவிடலாம் என்று இப்போது திறந்தேன். 'உங்கள் பக்கத்தைப் பார்த்தவர்கள்' என்று அதில் ஒரு இடம் இருக்கிறது. இதுவரை நான் தொட்டதில்லை. மூன்று மாதம் பின்னால் வரை காட்டுகிறது. பெயரை மறைத்துக்கொண்டு ஒருவர் தினமும் ராத்திரி வந்து அப்பாவைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'பல் மருத்துவமனை வரவேற்பாளர்' என்று மட்டும் இருக்கிறது.

சித்தப்பா, அப்படியென்றால் அந்த நாலு வரியை அம்மா அன்றைக்கே படித்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதோ, இப்போது இன்னொரு தடவை பார்த்ததாகக் காட்டுகிறது. பக்கத்து அறையில் கட்டில் சத்தம். விளக்கைப் போடாமலே நடந்து வருகிறாள். கதவைத் தட்டுகிறாள். "தூங்கலேன்னு தெரியும்டி. திற. அந்த டேப்லெட்டை அணைக்காதே, நானும் அப்பாவைப் பாக்கணும்."