நீங்கள் சொன்னதுதானாம்

அப்பா,

கடித உறையில் முதலில் என் கண்ணில் பட்டது உங்கள் பெயருக்கு முன்னால் இருந்த 'திரு'. நாங்கள் ஏறி இறங்கிய இடங்களில் ஒருவரும் உங்களை அப்படி அழைத்ததில்லை. பொலிஸ்காரருக்கு எதிரான உங்கள் முறைப்பாட்டை மீண்டும் விசாரிக்கப் போகிறார்களாம், சாட்சிகளோடு வரட்டாம். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிவிட்டது. "இனி ஆருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அம்மா அதை அலுமாரிக்குள் வைத்தா.

விறகுக்குப் போன அன்று நான் உங்களுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தேன். இரண்டு பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, எங்கே வெட்டியது என்று கேட்டார்கள். பட்டுப்போன பாலை மரக் கொப்புகள் என்று நீங்கள் சொல்லி முடிக்கவில்லை. உயரமானவர் இடது காதோடு அறைந்தார். தோளில் இருந்த விறகுக்கட்டோடு விழுந்தீர்கள்.

அதற்குப் பிறகு அந்தக் காது கேட்கவில்லை. மற்றதும் மெல்ல மெல்ல மங்கியது. "இனிக் கொம்மா ஏசினாலும் பாதிதான் கேக்கும், எனக்கு லாபம்" என்று சிரித்தீர்கள். ஆனால் போகுமிடமெல்லாம் என்னைக் கூட்டிப்போனீர்கள். யார் என்ன சொன்னாலும் என் பக்கம் திரும்பி, "என்னவாம், பிள்ளை?" என்பீர்கள். பள்ளிக்கூடம் நின்றது அப்படித்தான். வகுப்பில் எழும்பிப் பதில் சொல்வதைவிட எனக்கு அது சுகமாகவும் இருந்தது. அதை உங்களிடம் சொன்னதில்லை.

மேலிடத்துக்கு நீங்கள் அனுப்பிய முறைப்பாடு சுற்றிச் சுற்றி அதே பொலிஸ் நிலையத்துக்கே விசாரணைக்கு வந்தது. இருக்கக் கதிரை தந்தார்கள், குடிக்கத் தேத்தண்ணி தந்தார்கள். அடித்தவர் அடுத்த மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நீங்கள் சொல்லச் சொல்ல ஒருவர் சிங்களத்தில் எழுதி, தாளை நீட்டினார். "என்னவாம்?" என்றீர்கள். நான் அவரைப் பார்த்தேன். அப்பா சொன்னதுதான் என்றார். வாசித்துக் காட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் வலது காதில், "நீங்கள் சொன்னதுதானாம்" என்றேன். கையெழுத்து வைத்தீர்கள்.

முறைப்பாட்டை முடித்துவிட்டதாகக் கடிதம் வந்தபோது, சிங்களம் தெரிந்த கடைக்கார அண்ணைதான் வாசித்துச் சொன்னார். சைக்கிளில் இருந்து விழுந்ததாக நீங்களே சொல்லிக் கையெழுத்து வைத்திருக்கிறீர்களாம். அதை உங்கள் காதில் நான் கத்த வேண்டியிருந்தது. நீங்கள் என்னை ஏசவில்லை.

"சைக்கிளோ? அண்டைக்கு நடந்தெல்லோ போனனாங்கள்."

அவ்வளவுதான். பிறகு என்னைக் கொண்டே இன்னொரு கடிதம் எழுதுவித்தீர்கள். அதற்குத்தான் இப்போது பதில் வந்திருக்கிறது.

முந்தநாள் அதை அலுமாரியில் இருந்து எடுத்துக்கொண்டு வட்டக்கச்சியில் பஸ் ஏறினேன். அம்மா வரவில்லை. எங்கள் அலைச்சலைப் பார்த்துப் பார்த்து அவாவுக்கு அலுத்துவிட்டது. விசாரணைக்கு வந்திருந்தவர் வெளியூர்க்காரர், அதட்டாதவர். நீங்கள் இல்லை என்றதும் விசாரணைக் கோப்பை மூடப்போனார். பார்த்தது நான் என்றேன். குரல் வெளியே வரவில்லை போலும். அரைகுறைத் தமிழில் திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். அறைந்ததையும் சொன்னேன், அன்று சைக்கிளே கொண்டுபோகவில்லை என்பதையும் சொன்னேன். அவர் எழுதினார், சிங்களத்தில்தான். தாளை என் பக்கம் திருப்பிப் பேனாவைத் தந்தார்.

"தமிழிலை வாசிச்சுக் காட்டுங்கோ" என்றேன்.

தமிழ் வாசிக்கிறவர் வெளியே போயிருக்கிறார், வர மத்தியானமாகும், நீ சொன்னதுதானே என்றார்.

பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டு, வாசலில் காத்திருப்பவர்களுக்குப் போட்டிருந்த வாங்கில் போய்க் குந்தியிருந்தேன்.