அவசரத்துக்கு இன்னொரு பொருள்

இன்று காலை புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் "அரிமளம், அரிமளம்" என்று கூவினார். நான் தனியாக நின்று சிரித்தேன். பக்கத்தில் கூடையோடு நின்றவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். ஆனால் பஸ் போன பிறகுதான் வந்து சேர்ந்திருப்பீர்கள்.

ஆவூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகி என்னைக் கட்டுவதற்கு முன் நீங்கள் குருமடத்தில் சாமியாராவதற்குப் படித்தவர். சில வருடத்தில் வேண்டாமென்று வந்துவிட்டீர்கள். அங்கிருந்து கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் கொஞ்சம் கிரேக்கமும். பெட்டி துருப்பிடித்துப் போனது. கிரேக்கத்தை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அக்காள் உண்டாகியிருந்த வருடம் அது. வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, நாற்பதை நெருங்கும்போது முதல் பிள்ளை. அத்தான் பினாங்கில். திருமயத்தில் அவள் தனியாக இருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை, அந்தப் பக்கமிருந்து வந்த லாரிக்காரர் நம் வாசலில் நிறுத்தி, "ஒங்க அக்காவுக்கு வலி எடுத்துருச்சு. ஒங்கள ஒடனே வரச் சொன்னாக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கட்டிய சேலையோடு வாசலுக்கு வந்துவிட்டேன். நீங்கள் பையை எடுத்தீர்கள். பழைய வேட்டிகளை மடித்து வைத்தீர்கள். சுக்கு வைத்தீர்கள். பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சுக்கை அடியில் வைத்தீர்கள்.

"பஸ்ஸு போயிரும்ங்க."

"வயசான காலத்துல உண்டாகியிருந்த எலிசபெத்தம்மாளப் பாக்க மாதா விரைஞ்சு போனாகன்னு வேதத்துல வருதுல்ல? கிரேக்கத்துல அது ஸ்பூதே."

"பூதமா?"

"ஸ்பூதே. அதுக்கு அவசரம்னும் பொருளு, அக்கறைன்னும் பொருளு. ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான், ஞானம்."

"மாதா பை கட்டுனாகளா?"

உண்மையாகவே யோசித்தீர்கள். "அது வேதத்துல இல்ல."

"இல்லல்ல. அப்ப நான் போறேன்."

ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன். புதுக்கோட்டையில் இறங்கியதும், கிளம்பிக்கொண்டிருந்த இன்னொரு பஸ்ஸில் தாவி ஏறினேன். பாதி வழி போன பிறகுதான் கண்டக்டர் டிக்கெட்டுக்கு வந்தார்.

"திருமயமா? இது அரிமளம் போறதும்மா."

"திருமயம்னுதானே கூப்பிட்டீக?"

"அரிமளம்னு தொண்ட கிழியக் கத்துனேன். மளத்துக்கும் மயத்துக்கும் வித்தியாசம் தெரியாம ஏறுனா நான் என்ன செய்ய?"

அரிமளத்தில் இறங்கினால் அந்நேரத்துக்குத் திருமயத்துக்கு பஸ் இல்லை. கடலைமூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்றில் கெஞ்சி ஏறினேன். அந்த மாடுகளும் உங்களைப் போலவே ஒவ்வொரு அடியையும் யோசித்துத்தான் வைத்தன. மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். அக்காள் என்னை எதிர்பார்த்துக் கிடப்பாள், நான் போவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அழுதேன். இடையிடையே உங்களையும் திட்டினேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். உள்ளே பிள்ளை அழும் சத்தம். கொல்லையில் நீங்கள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தீர்கள். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஒரு காலில் உங்கள் செருப்பு, இன்னொரு காலில் என்னுடையது.

நர்சம்மா வெளியே வந்து, "பொண்ணு. அக்கா நல்லா இருக்காக" என்றார். "இந்த வாத்தியாரு என்னையச் சோத்துல வச்ச கைய எடுத்து வாய்ல வைக்க விடல. ஓட்டமா ஓட்டிக்கிட்டு வந்தாரு. கொஞ்சம் பிந்தியிருந்தா ரெண்டு உசுரும் தப்பியிருக்காது."

நான் போன உடனே வீடு வெறிச்சென்று ஆகிவிட்டதாம். கல் லாரி ஒன்றின் முன்னால் போய் நின்று அதை மறித்திருக்கிறீர்கள். நீங்களா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"பை எங்கெ?"

இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டீர்கள். "எடுத்து வச்சேன். எடுத்துக்கிட்டு வரல."

"வீட்டப் பூட்டுனீகளா?"

"பூட்டுனேன்." சற்றுப் பொறுத்து, "பூட்டுன மாதிரிதான் இருக்கு" என்றீர்கள்.

திரும்பி வந்து பார்த்தால், வெறும் நாதாங்கியில் பூட்டு பத்திரமாகத் தொங்கியது. கதவு திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டு ஆடு பையிலிருந்த வேட்டிகளை மென்றுகொண்டிருந்தது. அன்று அந்த வீட்டில் நாம் சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு சிரித்ததில்லை.

அக்காள் மகள் இப்போது பாவாடை தாவணி கட்டுகிறாள். இன்று அவளைப் பார்க்கத்தான் கிளம்பினேன். சரியான பஸ்தானா என்று மூன்று பேரிடம் கேட்டு ஏறினேன்.

ஒன்று உங்களிடம் சொல்ல வேண்டும். போன ஞாயிறு, புதிதாக வந்திருக்கும் சாமியார் பிரசங்கத்தில் மாதா விரைந்து போன கதையைச் சொன்னார். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லுக்கு அவசரம் என்றும் அக்கறை என்றும் இரண்டு பொருள் உண்டு என்றார். என்னை அறியாமல் "அட" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பூசை முடிந்து அவர் என்னிடம் வந்தார்.

"கிரேக்கம் படிச்சிருக்கீங்களாம்மா?"

"இல்ல சாமி. படிச்சவரக் கட்டி மேச்சேன்."

அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் கோயிலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கிளம்புவதற்கு நேரம் வேண்டி அந்த இரண்டாவது பொருளை நீங்களாகக் கட்டிவிட்டீர்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.